எந்தக் கிணற்றில் எடுத்த தண்ணீர்?

சுரங்க நிறுவனங்கள் அரசுக்குக் கொடுக்கும் அரையாண்டு அறிக்கைகளைப் புரட்டியவர்களுக்கு அந்த அட்டவணை பழக்கப்பட்டிருக்கும். இடது ஓரத்தில் மாதிரி எண், அடுத்து ஊர்ப் பெயர். அதற்குப் பிறகு அமிலத்தன்மை, உப்பு, கடினத்தன்மை, குளோரைடு, சல்பேட், ஃபுளோரைடு, இரும்பு, காரீயம், ஆர்சனிக், பாதரசம் என்று வரிசையாக எண்கள். கடைசியில் 'அனைத்தும் வரம்புக்குள் உள்ளன' என்று ஒரு வரி. ஒரு ஊருக்கு ஒரு வரிசை, ஒரு மாதிரி. அந்த எண்களைப் பார்த்துத்தான் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அந்த ஊரின் நிலத்தடி நீர் எப்படி இருக்கிறது என்று முடிவு செய்கின்றன. விரிவாக்கத்துக்கு அனுமதி கேட்கும்போது இந்த அட்டவணைதான் சாட்சி.

அந்த அட்டவணையிடம் கேட்க நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது. ஊர்ப் பெயர் சரி, எந்தக் கிணற்றில் எடுத்தீர்கள்?

தமிழ்நாட்டில் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னால் அது ஒரு இடத்தைக் குறிப்பதில்லை, இரண்டு இடங்களைக் குறிக்கிறது. ஊர் ஒன்று, சேரி ஒன்று. இரண்டுக்கும் சுடுகாடு வேறு, பாதை வேறு, பெரும்பாலான இடங்களில் தண்ணீரும் வேறு. ஊருக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி, அதற்கென்று ஒரு ஆழ்துளைக் கிணறு. சேரிக்கு இன்னொரு தொட்டி, இன்னொரு போர். தொட்டி வராத தெருவில் அடிபம்பு. இந்த ஏற்பாட்டை அரசாங்கமே தன் பணத்தில், தன் பொறியாளர்களை வைத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறது. அப்படியிருக்க, தண்ணீரைச் சோதிக்கும்போது மட்டும் கிராமம் எப்படி ஒன்றாகிவிடுகிறது? ஒரு பாட்டில் தண்ணீர் யாருக்காகப் பேசுகிறது?

இதை நெய்வேலியை வைத்துப் பேசலாம். 1956இல் தொடங்கப்பட்ட என்.எல்.சி. நிறுவனத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் கடலூர் மாவட்டத்தில் மூன்று தலைமுறைகளாக இயங்கி வருகின்றன. மின்சாரம் என்றால் எல்லாருக்கும் நினைவுக்கு வரும் ஊர் அது. ஆனால் அந்த மண்ணின் உண்மையான கதை தண்ணீர்தான்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் கடலூர் மணற்பாறை எனப்படும் பெரிய நீர்த்தாங்கி இருக்கிறது. அதிலுள்ள நீர் சும்மா தேங்கிக் கிடக்கவில்லை, மேல்நோக்கி அழுத்திக்கொண்டு இருக்கிறது. அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் போர் போட்டால் மோட்டாரே இல்லாமல் தண்ணீர் தானாகப் பொங்கி வழிந்தது அந்த அழுத்தத்தால்தான். மேலே இருக்கும் மண்ணை வெட்டி அகற்றினால், அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்த பாரம் போய்விடும். சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் மேலே வரும். அதைத் தடுக்கச் சுரங்கத்தைச் சுற்றி பம்புகளை வைத்து இரவு பகலாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைப்பை நிறுத்தினால் சுரங்கம் மூழ்கிவிடும். நிலக்கரி எடுப்பதற்கு முன்னால் அங்கே தண்ணீரைத்தான் எடுக்கிறார்கள்.

இதன் விளைவு இரண்டு விதம். ஒன்று, சுற்றியுள்ள கிணறுகளில் நீர்மட்டம் இறங்குவது. கையில் பணம் இருப்பவர் போரை இன்னும் ஆழமாக இறக்கி, இன்னும் பெரிய மோட்டாரைப் பொருத்துவார். இல்லாதவரின் அடிபம்பு காற்றைத்தான் இறைக்கும். இரண்டாவது, தண்ணீரின் தரம். வெட்டிப்போட்ட மேல்மண் மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. நிலக்கரியோடு சேர்ந்து கிடக்கும் இரும்புச் சல்பைடு, காற்றும் மழையும் பட்டால் கந்தக அமிலமாக மாறக்கூடியது. அமிலம் கலந்த நீர் தான் போகும் வழியெல்லாம் மண்ணிலுள்ள உலோகங்களைக் கரைத்து இழுத்துக்கொண்டு போகும். அதோடு, எரித்த நிலக்கரியின் சாம்பல். சாம்பலைத் தண்ணீரோடு கலந்து குட்டைகளில் விடும்போது, அதிலிருக்கும் ஆர்சனிக்கும் பாதரசமும் செலினியமும் கீழே கசிய வாய்ப்பு இருக்கிறது. ஆகவே சுரங்கத்தையும் அனல்மின் நிலையத்தையும் ஒட்டிய ஊர்களில் நிலத்தடி நீரைக் கண்காணிப்பது ஏதோ சம்பிரதாயம் அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒன்று நம் குடத்துக்குள் வருகிறதா என்று பார்ப்பதற்கு வேறு வழியே கிடையாது. பாதரசத்துக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, குடித்த அன்றே வயிற்றுப்போக்கும் வராது. சிறுநீரகத்தையும் நரம்பையும் அது மெதுவாகத்தான் பிடிக்கும்.

2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திரா என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நெய்வேலி, பரங்கிப்பேட்டைப் பகுதிகளைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டன. நீரும் மண்ணும் எடுத்த 31 இடங்களில் 17 இடங்கள் கடுமையாக மாசுபட்டிருப்பதாக அது சொன்னது. சுரங்கத்தை ஒட்டிய வடக்கு வெள்ளூர் பகுதியில் ஒரு வீட்டுத் தண்ணீரில் பாதரசம் வரம்பைப் போல 250 மடங்கு இருந்ததாகவும் சொன்னது. அந்தச் செய்தியைப் பார்த்து தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. பிறகு தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்த அறிக்கையின் விவரம் 2025இல் வெளியானது. மேற்பரப்பு நீரில் எடுத்த 17 மாதிரிகளில் 15இல் பாதரசம் வரம்பைத் தாண்டியிருந்தது. லிட்டருக்கு 0.0012 மில்லிகிராம் முதல் 0.115 மில்லிகிராம் வரை. குடிநீருக்கான இந்தியத் தரக் கட்டுப்பாட்டு வரம்பு 0.001.

இங்கே ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுரங்கம் ஓடுகிறது. கண்காணிப்பு நடக்கிறது, அறிக்கைகள் போகின்றன. ஆனால் ஒரு தன்னார்வ அமைப்பு தன் செலவில் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் வரையில் பாதரசம் என்ற சொல் பொதுவெளிக்கு வரவில்லை. கருவி இல்லாமலா? ஆய்வகம் இல்லாமலா? விதி இல்லாமலா?

விதி இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சுற்றுச்சூழல் அமைச்சகம் கொடுக்கும் அனுமதிக் கடிதங்களில் வழக்கமாக ஒரு நிபந்தனை வரும். ஏற்கெனவே உள்ள கிணறுகளையும் புதிதாகப் போடும் நோக்குக் குழாய்களையும் சேர்த்து ஒரு வலைப்பின்னல் அமைக்க வேண்டும்; நீர்மட்டத்தை மே, ஆகஸ்ட், நவம்பர், ஜனவரி என ஆண்டுக்கு நான்கு முறை அளக்க வேண்டும்; தரத்தை மே மாதத்தில் சோதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றிய அரையாண்டு அறிக்கையை ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் தர வேண்டும். மாதிரி எடுப்பதும் சோதிப்பதும் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகம். அதற்குக் கூலி கொடுப்பது சுரங்க நிறுவனம். பரீட்சை எழுதுகிறவரே விடை திருத்துகிறவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்.

இந்த மாத வரிசையையே பாருங்கள். மே, மழைக்கு முன், ஆகஸ்ட், மழைக்காலம், நவம்பர், மழைக்குப் பின். யாருடைய மழை இது? தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கும் மத்திய இந்தியாவுக்கு இது பொருந்தும். கடலூரில் நவம்பர் என்றால் மழைக்குப் பின்னா? வடகிழக்குப் பருவமழையில் மாவட்டமே மிதந்துகொண்டிருக்கும் மாதம் அது. சாம்பலையும் மண்மேட்டையும் கழுவிக்கொண்டு இறங்கும் நீர் கிணற்றுக்கு வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டுமானால் மழை ஓய்ந்த பிறகு ஜனவரி, பிப்ரவரியில் தரத்தைச் சோதிக்க வேண்டும். அந்த மாதத்தில் மட்டத்தை அளந்தால் போதும் என்கிறது விதி. டெல்லியில் எழுதிய நாட்காட்டிக்கு நம் ஊர் ஐப்பசி தெரியாது.

நாட்காட்டியை விடுங்கள், பாட்டிலுக்கு வருவோம். தண்ணீரைச் சோதித்தோம் என்பது ஒரு செயல் அல்ல, ஒரு தொடர். அதன் எந்தக் கண்ணியில் வேண்டுமானாலும் உண்மை நழுவிவிடலாம். குழாய்க்குள் நாள்கணக்கில் தேங்கிக் கிடந்த தண்ணீரை வெளியேற்றாமல் முதல் குடத்தையே பிடித்தால், அது நிலத்தடி நீர் அல்ல, குழாய் நீர். உலோகங்களைச் சோதிக்க எடுத்த மாதிரியில் அந்த இடத்திலேயே நைட்ரிக் அமிலம் சில துளிகள் விட வேண்டும். விடாவிட்டால் உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஆய்வகத்துக்குத் தண்ணீர்தான் போய்ச் சேரும். பாதரசம் இன்னும் பிடிகொடுக்காதது. சாதாரண பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து இரண்டு வாரம் வைத்திருந்தால் பெரும்பகுதி காணாமல் போய்விடலாம். கண்ணாடியோ டெஃப்லானோ வேண்டும். சோதனை முறையும் தனி. ஆகவே 'பாதரசம் கண்டறியப்படவில்லை' என்ற வரியை வாசிக்கும்போது கூடவே கேட்க வேண்டியவை உண்டு. எந்தப் பாட்டில்? அமிலம் சேர்த்தீர்களா? எத்தனையாவது நாள் சோதித்தீர்கள்? உங்கள் கருவியால் காண முடிகிற மிகக் குறைந்த அளவு எவ்வளவு? 0.001 என்ற வரம்பைப் பார்க்க முடியாத கருவி 'கண்டறியப்படவில்லை' என்று சொன்னால் அது கருவியின் குறை, தண்ணீரின் நற்சான்று அல்ல.

பிறகு ஆழம். நெய்வேலியின் நிலத்தடியில் ஒரே ஒரு நீர்த்தாங்கி இல்லை. நிலக்கரிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்றுக்கு மேல். மேல்மண் குவியலிலிருந்தும் சாம்பல் குட்டையிலிருந்தும் கசிவது முதலில் மேலே இருக்கும் ஆழம் குறைந்த நீரைத்தான் தொடும். ஆழத்திலிருந்து இழுக்கும் போரில் மாதிரி எடுத்துவிட்டு, ஆழமில்லாத அடிபம்புத் தண்ணீருக்கும் சேர்த்துச் சான்று கொடுத்தால் அது அறிவியல் இல்லை. இப்போது இந்தத் தொழில்நுட்பச் சங்கதியை ஊரின் வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ஆழமான போர் யாரிடம் இருக்கிறது? நிலம் வைத்திருப்பவரிடம், மின் இணைப்பு வாங்க முடிந்தவரிடம். அடிபம்பையும் பழைய ஊராட்சிப் போரையும் நம்பியிருப்பது யார்? அட்டவணையில் ஆழம் என்ற ஒரு கட்டம் இல்லாமல் போனால் சாதி என்ற கட்டமும் அதோடு காணாமல் போகிறது.

சுரங்க நிறுவனங்கள் திட்டமிட்டே சேரியைத் தவிர்க்கின்றன என்று நாம் சொல்லவில்லை. அப்படித் திட்டமிடத் தேவையே இல்லை. மாதிரி எடுக்க வரும் ஆய்வக ஊழியர் வேனில் வருகிறார். அவருக்கு ஊர்ப் பெயர் எழுதிய தாள் கொடுக்கப்பட்டிருக்கிறது. பெயர்ப்பலகையிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் இருக்கும் பெயர் ஊரின் பெயர். சாலையோரத்தில், வண்டி நிற்கக்கூடிய இடத்தில், மோட்டார் இருக்கும் வீட்டில் கேட்டு ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போவார். சேரி அதற்கப்பால், தாழ்ந்த பக்கம், சாலை முடிகிற இடத்தில் இருக்கும். அவர் எந்தத் தீய எண்ணமும் இல்லாத நல்ல மனிதராகவே இருக்கலாம். பாதை போட்டவர்கள் அவருக்கு முன்பே முடிவு செய்துவிட்டார்கள்.

இந்தச் சமூகத்துக்குத் தண்ணீரின் தரத்தைச் சோதிப்பது புதிய வேலை இல்லை. மில்லிகிராம் கணக்கு வருவதற்கு முன்பே இங்கே தண்ணீருக்குத் தரப் பரிசோதனை இருந்தது. யார் தொட்டது என்பதே அந்தப் பரிசோதனை. மகாத் நகரில் சவதார் குளம் எல்லாருக்கும் திறந்தது என்று ஆவணத்தில் இருந்தது. 1923இலேயே பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது, மகாத் நகராட்சியும் அதை ஏற்றது. ஆனால் தீர்மானத்தை நம்பி எந்தத் தீண்டப்படாதவரும் அந்தக் குளத்தில் குடம் வைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய்க் கை நிறைய அள்ளிக் குடித்தார். அடி விழுந்தது. பின்பு சாதி இந்துக்கள் மாட்டுச் சாணமும் மூத்திரமும் கலந்த குடங்களைக் கொட்டிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். உயர்நீதிமன்றத் தீர்ப்பு வர 1937 ஆனது. ஆவணத்தில் உரிமை இருப்பதற்கும் கையில் தண்ணீர் இருப்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நாம் அங்கே அளந்து வைத்திருக்கிறோம். அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளைப் படிக்கும்போது அந்தத் தூரம் நினைவில் இருக்க வேண்டும்.

வேங்கைவயலை மறந்திருக்க மாட்டீர்கள். 2022 டிசம்பரில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. விசாரணை இரண்டாண்டு இழுத்து, 2025 ஜனவரியில் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை வந்தது. அந்த வழக்கைப் பற்றி இந்தப் பக்கத்தில் வேறு இடத்தில் பேசுவோம். இங்கே சொல்ல வருவது வேறு. அந்தத் தொட்டி தனித் தொட்டி. யாருடைய தண்ணீரில் என்ன கலக்கிறது என்பதைத் தனியாகப் பிரித்துவைக்கிற ஏற்பாடு இருந்ததால்தான் அந்தக் கொடுமை சாத்தியமானது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பயன்படுத்தும் நீராதாரத்தைக் கெடுப்பது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவில் ஒரு குற்றமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது, இந்த நாட்டில் தண்ணீரைக் கெடுப்பது எப்போதும் ஒரு குறிப்பிட்ட தெருவின் தண்ணீரைக் கெடுப்பதாகவே இருந்திருக்கிறது என்று. மலம் என்றால் ஒரே நாளில் தெரிந்துவிடுகிறது. லிட்டருக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகிராம் கணக்கில் வருவது தெரிவதில்லை.

'பாதரசத்துக்குச் சாதி தெரியுமா, தோழர்? நீர்த்தாங்கி ஊரையும் சேரியையும் பிரித்துப் பார்க்குமா?' என்று சூழலியல் நண்பர்கள் சிலர் கேட்பார்கள். நல்ல கேள்விதான். நீர்த்தாங்கிக்குச் சாதி தெரியாது. குழாய்க்குத் தெரியும், போரின் ஆழத்துக்குத் தெரியும். இருபது லிட்டர் கேனுக்கும் தெரியும். தண்ணீர் சரியில்லை என்ற பேச்சு கிளம்பியதும் ஊரில் வசதியுள்ள வீடுகள் கேனுக்கு மாறும், ஆர்.ஓ. கருவி மாட்டும், பிள்ளைகளைப் பண்ருட்டியிலோ கடலூரிலோ வீடெடுத்து வைக்கும். நாள் கூலியில் மூன்று குடம் கேன் தண்ணீர் வாங்கிச் சமைக்க முடியாது. குடிக்க மட்டும் கேன், சோற்றுக்கும் குளிக்கவும் பம்பு என்று பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கும். நிலம் கையகப்படுத்தினால் பட்டா வைத்திருப்பவருக்கு இழப்பீடு உண்டு. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கருதச் சொல்கிறது, நடைமுறையில் அதற்கே போராட வேண்டியிருக்கிறது. தண்ணீர் கெட்டதற்கோ எந்தப் பட்டாவும் இல்லை. கெட்டது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் குடித்தவர் தலையில்தான். நிரூபிக்க எண் வேண்டும். எண்ணோ அவர் பம்பில் எடுக்கப்படவில்லை.

நம் பக்கத்து அரசியலும் இதில் கை சுத்தமாக இல்லை. 2023 ஏப்ரலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய பகுதிகள் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தபோது தமிழ்நாடே ஒரே குரலில் பேசியது, சில நாட்களில் அவை நீக்கப்பட்டன. நல்லது. அதே ஆண்டு ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக, கதிர் விடும் நேரத்துப் பயிருக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கிய படத்தைப் பார்த்து எல்லாருக்கும் நெஞ்சு பதறியது, உயர்நீதிமன்ற நீதிபதியும் வேதனையைச் சொன்னார். அதுவும் நியாயமே. ஆனால் அந்தப் படத்தில் இருந்தது பயிர். பயிருக்குப் பின்னால் நிலம், நிலத்துக்குப் பின்னால் 'விவசாயி' என்று நாம் பொதுப்பெயர் வைத்திருக்கும் நிலவுடைமையாளர். அந்த வயலில் நாற்று நட்ட பெண்கள் எந்தப் பம்பில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கேட்க எந்தக் கட்சிக் கொடியும் ஊருக்குள் வரவில்லை. வட மாவட்டங்களில் சாதிப் பெரும்பான்மையை விவசாயி என்ற சொல்லுக்குள் மடித்துவைத்து அரசியல் செய்வது எப்படி என்று தெரிந்தவர்கள் தெரிந்தே செய்கிறார்கள். சூழலியல் இயக்கங்கள் தெரியாமல் செய்கின்றன. விளைவு ஒன்றுதான்.

இன்னொரு திசையிலும் ஒரு பார்வை வேண்டும். சென்னைக்கு வீராணம் குழாயில் வரும் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில் இருக்கிறது. நெய்வேலி வட்டாரத்து ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீரும் வறட்சிக் காலங்களில் தலைநகரின் தாகத்தைத் தீர்த்திருக்கிறது. சுத்திகரித்து, சோதித்து, 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் அனுப்ப முடிகிற அரசுக்கு, அந்த நிலையத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டரில் இருக்கும் தெருக்களின் அடிபம்பில் ஆண்டுக்கு மூன்று முறை பாட்டில் பிடிப்பது முடியாத காரியம் அல்ல. சென்னையில் உட்கார்ந்து இதை வாசிக்கும் தோழர்கள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படிக்கலாம்.

சரி, என்ன செய்வது? முதலில், செல்பேசி வைத்திருக்கும் எவரும் இன்றிரவே செய்யக்கூடிய ஒன்று. சுரங்க நிறுவனங்கள் தங்கள் அரையாண்டு அறிக்கைகளை இணையதளத்தில் போட வேண்டும். மாதிரி எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அதில் பெரும்பாலும் இருக்கும். அந்த எண்களைச் செயற்கைக்கோள் வரைபடத்தில் போடுங்கள். புள்ளி எங்கே விழுகிறது? ஊர்த் தெருவிலா, கோயில் அருகிலா, நிறுவனத்தின் நகரியத்துக்குள்ளா? சேரியில் ஏதாவது விழுகிறதா? சாம்பல் குட்டையிலிருந்து நீர் சரியும் பக்கத்தில் விழுகிறதா, மேட்டுப் பக்கத்தில் விழுகிறதா? ஐந்து வருட அறிக்கைகளில் ஒரே கிணறு தொடர்ந்து வருகிறதா, வருடத்துக்கு வருடம் கிணறு மாறுகிறதா? கிணறு மாறினால் ஒப்பிட முடியாது, ஒப்பிட முடியாத எண்ணால் யாரையும் கேள்வி கேட்க முடியாது. பொறியியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு ஒரு வாரம் போதும். அறிக்கையில் இடக்குறிப்பு இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்தான்.

இரண்டாவதாக ஓர் எச்சரிக்கை. ஊராட்சிகளில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, களச் சோதனைப் பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, சேரிப் பெண்கள் அந்தக் குழுவில் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ஆனால் அந்தப் பெட்டி கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு போன்றவற்றைத்தான் காட்டும். பாதரசத்தை அது பார்க்காது. கடையில் விற்கும் டி.டி.எஸ். மீட்டரும் அப்படித்தான், கரைந்திருக்கும் மொத்த உப்பைத்தான் சொல்லும். திரையில் 300 என்று காட்டும் தண்ணீரில் வரம்பைப் போலப் பத்து மடங்கு பாதரசம் இருக்கலாம், அந்த எண் அசையாது. பெட்டியில் நல்ல நிறம் வந்ததைக் காட்டி 'உங்க தண்ணி நல்லாத்தான் இருக்கு' என்று யாராவது கையெழுத்து வாங்க வந்தால் போடாதீர்கள். ஆனால் அமிலத்தன்மையிலும் இரும்பிலும் திடீர் மாற்றம் தெரிந்தால் அதைத் தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். உலோகச் சோதனை கேட்பதற்கு அதுதான் முதல் ஆதாரம்.

பெயர் விஷயத்தில் ஒரு சிக்கலையும் யோசித்தாக வேண்டும். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் அறிவித்தார். இழிவைச் சுமந்த சொல் போவதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் சொல் போய் இரண்டாவது தொட்டி அப்படியே நின்றால், இனி அட்டவணையில் அந்தத் தெருவை எந்தப் பெயரில் தேடுவது? ஆகவே கோரிக்கை இப்படி இருக்கட்டும்: மாதிரி எடுக்கும் அலகு வருவாய்க் கிராமம் அல்ல, குடியிருப்பு. எந்தத் தெரு, எந்த நீராதாரம், எத்தனை அடி ஆழம், எத்தனை குடும்பங்கள் குடிக்கின்றன என்று ஒவ்வொரு மாதிரிக்கும் எழுதப்பட வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அடுத்தது மே 1, விதிப்படி தரச் சோதனை நடக்க வேண்டிய மாதத்தின் முதல் நாள். சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் அன்று தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டியது அதிகமில்லை. எங்கள் குடியிருப்பின் அடிபம்பிலும் தொட்டிக்கு ஏற்றும் போரிலும் மாதிரி எடுக்க வேண்டும். எடுக்கும் நாளை ஒரு வாரம் முன்னதாகத் தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும். குடியிருப்பைச் சேர்ந்த இரண்டு பேர் முன்னால் பாட்டில் மூடி முத்திரையிடப்பட வேண்டும். அதே நீரில் இரண்டாவது பாட்டில் நிறுவனத்தின் பணம் போகாத வேறோர் அரசு ஆய்வகத்துக்குப் போக வேண்டும். மழை ஓய்ந்து பிப்ரவரியில் மறுபடி எடுக்க வேண்டும். முடிவு வந்ததும், வரம்பு எவ்வளவு, இங்கே எவ்வளவு என்று இரண்டு எண்களையும் தமிழில், அந்தத் தொட்டியின் தூணிலேயே பெயிண்டில் எழுத வேண்டும்.

தீர்மானம் எழுதும்போது குடியிருப்பின் பெயரைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். 'நமது கிராமம்' என்று எழுத வந்தால் நிறுத்தி, எந்தக் கிணறு என்று கேளுங்கள்.